சென்னைத் தெருவில் சைக்கிள்: காற்றும் பஞ்சரும் சாலையின் இடது ஓரமும்

சென்னையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டவர்களைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். அடிக்கடி பஞ்சர் ஆகிறது. ஓட்ட இடமே இல்லை. இரண்டும் தனித்தனித் தொல்லை போலத் தெரிந்தாலும் ஊற்றுக்கண் ஒன்றுதான்: சாலையின் இடது ஓரம். கார், பஸ் சக்கரங்கள் தாங்கள் ஓடும் இடத்தைச் சுத்தமாக்கிக்கொண்டு கண்ணாடித் தூள், ஆணி, லாரி டயரிலிருந்து உதிர்ந்த இரும்பு நூல், கருவேல முள் எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. மழைத்தண்ணீரும் குப்பையை அங்கேதான் கொண்டுபோய் ஒதுக்குகிறது. சைக்கிள்காரரையும் அங்கேதான் ஒதுக்குகிறார்கள். சைக்கிள் தடம் என்று கோடு போடுவதும் அங்கேதான். ஆகவே பஞ்சர் ஒட்டுவதையும், சாலையில் எந்த இடத்தில் ஓட்டுவது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் நிற்கும் வண்டியே போதும்

புது வண்டி வாங்க அவசரம் வேண்டாம். பல வீடுகளில் பிளஸ் 1 படித்தபோது அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கிறது. சென்னை தட்டையான ஊர். மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் என்று எதுவுமில்லை. தினம் ஐந்தாறு கிலோமீட்டர் போய்வர கியர் இல்லாத வண்டி தாராளமாகப் போதும்.

ஆனால் வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு வெறும் காற்றை அடித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. டயரை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்த ரப்பர் செத்துவிட்டது. காற்றில்லாமல் மடிந்து கிடந்த டியூபும் மடிப்புகளில் விட்டுப்போயிருக்கும். இந்த நிலையில் ஒட்டு மேல் ஒட்டாகப் போட்டு மாளாது. இரண்டு டயர், இரண்டு டியூப், ரிம்முக்குள் போக்ஸ் கம்பித் தலைகளை மூடும் ரிம் டேப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டையில் பள்ளக்கோடுகள் தேய்ந்து மழமழவென்றாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு கடையில் ஒரு ஓவராயில் செய்து கிரீஸ் மாற்றினால் வண்டி புதிதாகிவிடும்.

சீட்டு உயரம் ஒரே ஒரு சோதனை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே வந்த நிலையில் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் என்பதால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டினால் ஒரு வாரத்தில் முழங்கால் வலிக்கும், பழி சைக்கிள் மேல் விழும்.

‘26 இஞ்ச்’ என்று மட்டும் கேட்டு டியூப் வாங்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கே. 26 × 1⅜ என்பதும் 26 × 1.95 என்பதும் இரண்டுமே 26 இஞ்ச்தான். ஆனால் முதலாவது உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 559. ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559, 35-622 என்று கோடு போட்ட ஒரு எண் ஜோடி அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டினால் பேச்சே தேவையில்லை.

அகலத்தைப் பொறுத்தவரை நம் சாலைகளுக்கு 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை உள்ள டயர் நல்லது. 25, 28 என்ற ஒல்லி டயர்கள் வேகமாக ஓடும். ஆனால் மெட்ரோ பணிக்குத் தோண்டி மூடிய ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் நேராகத் தரையில் இடிக்கும்.

வால்வு மூன்று வகை. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஒன்று. ஒல்லியாக நீண்டு, நுனியில் சின்னத் திருகு உள்ளது இன்னொன்று. அந்தத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். மூன்றாவது, பழைய கறுப்பு வண்டிகளில் வருவது. அதற்குள் சின்ன ரப்பர்க் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். கடையில் ‘வால்வு டியூப்’ என்று கேட்டால் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். இரவில் காற்று இறங்குகிறது, எங்கே தேடியும் ஓட்டை இல்லை என்றால் பெரும்பாலும் இந்த ரப்பர் கிழிந்திருக்கும். வால்வைக் கழற்றிப் பழையதை உரித்துவிட்டு, புதியதை எச்சில் தொட்டு, பக்கத் துளையை மூடும்படி கீழ்வரை ஏற்றினால் வேலை முடிந்தது.

காற்று: வாரம் ஒரு முறை

காற்று குறைந்த வண்டி இரண்டு விதமாகப் பஞ்சராகும். பள்ளத்தின் விளிம்பிலோ வேகத்தடையிலோ மோதும்போது டயர் நசுங்கி, தரைக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் சிக்கிக்கொள்ளும். பாம்பு கடித்ததுபோல இரண்டு துளைகள் அருகருகே விழும். இன்னொன்று, தளர்ந்த டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதோடு டியூபும் நகர, ரிம் துளையில் மாட்டிக்கொண்ட வால்வின் அடி கிழியும். இரண்டாவது வகைக்கு ஒட்டே கிடையாது, டியூபை மாற்ற வேண்டியதுதான்.

எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கணக்கில் எழுதியிருக்கும். அந்த வரம்பைத் தாண்டாதீர்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு உத்தேசமாகச் சொன்னால், இரண்டு இஞ்ச் தடிமன் டயருக்கு 35 முதல் 45, பழைய கறுப்பு வண்டிக்கு 45 முதல் 50, 35 மில்லிமீட்டர் டயருக்கு 55 முதல் 65. உடம்பின் பாரம் பின்சக்கரத்தில்தான் கூடுதலாக இறங்குகிறது. அதனால் பின்னால் 5 பிஎஸ்ஐ சேர்த்து அடியுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பிவிடாதீர்கள். 30-க்கும் 50-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. அளவுமானி பொருத்திய, நின்றபடி அடிக்கும் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது மற்ற எந்த உபரிப் பொருளையும் விட உபயோகமானது.

பெட்ரோல் பங்க்கில் அடிப்பதானால் கவனம் தேவை. அங்கே உள்ள இயந்திரம் கார் டயருக்கானது. சைக்கிள் டியூப் நொடிகளில் நிரம்பி வெடித்துவிடும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அளவைப் பாருங்கள்.

பஞ்சர் ஒட்டுதல்

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: கைப்பம்ப், இரண்டு பிளாஸ்டிக் டயர் லிவர், ஒட்டுப் பெட்டி (ஒட்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள்), பால்பாயிண்ட் பேனா, ஒரு துணி, சரியான அளவில் ஒரு உபரி டியூப். டியூபைத் துணியில் சுற்றி வையுங்கள். பைக்குள் ஸ்பேனரோடு உரசி, பிரிக்கும் முன்னே ஓட்டையாகிப்போன உபரி டியூப்கள் நிறைய. சக்கரம் நட்டு வைத்ததென்றால் அந்த அளவு ஸ்பேனரும் வேண்டும். 14, 15 மில்லிமீட்டர்தான் அதிகம் வரும், வாங்குமுன் உங்கள் நட்டில் பொருத்திப் பார்த்துவிடுங்கள். சொல்யூஷன் குழாயை ஒருமுறை திறந்தால் சென்னை வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும். ஆபத்து நேரத்தில் அது காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே சின்னக் குழாயாக இரண்டு வாங்குவது நல்லது.

காற்று இறங்குவது தெரிந்ததும் இறங்கிவிடுங்கள். “கடை வரைக்கும் ஓட்டிடலாம்” என்று ஓட்டினால் ரிம் டியூபைப் பத்து இடத்தில் நறுக்கும். நிழலில், போக்குவரத்துக்கு விலகி, வண்டியை நிறுத்துங்கள்.

பின்சக்கரம் என்றால் பதற வேண்டாம், அதைக் கழற்றவே தேவையில்லை. தெருவோரப் பஞ்சர் கடைக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். சக்கரம் வண்டியிலேயே இருக்க, செயின் இல்லாத பக்கத்தில் டயரின் ஒரு விளிம்பை மட்டும் எடுத்து டியூபை வெளியே இழுப்பார்கள். ஒட்டு போடுவதற்கு அதுவே போதும். டியூபையே மாற்றும்போதுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

முதலில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, முள்ளோ ஆணியோ வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உடனே பிடுங்காமல் அந்த இடத்தில் பேனாவால் குறி வையுங்கள். அடுத்து மிச்சக் காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வின் அடி நட்டு இருந்தால் கழற்றுங்கள். டயரின் இரு விளிம்பையும் சுற்றிலும் பிசைந்து ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். ரிம்மின் நடுப்பகுதி ஓரத்தை விடத் தாழ்வானது. விளிம்பு அங்கே இறங்கினால் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். இதைச் செய்யாதவர்கள்தான் லிவரை உடைக்கிறார்கள்.

வால்வுக்கு நேர் எதிரில் ஒரு லிவரைச் செருகி நெம்புங்கள், பத்து சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது. அதன் பிறகு விளிம்பு கையோடு வந்துவிடும். ஸ்பேனரையோ ஸ்க்ரூ டிரைவரையோ லிவராகப் பயன்படுத்தினால் ஒரு ஓட்டையோடு போனது மூன்றாகும்.

டியூபை இழுத்து, வால்வு ரிம்மிலேயே இருக்க, சாதாரணப் பருமனை விடக் கொஞ்சம் பெரிதாகும்வரை காற்றடியுங்கள். கன்னத்துக்கு அருகில் கொண்டுபோனால் சில்லென்று காற்று படும் இடம் தெரியும். தெரியாவிட்டால் வாளித் தண்ணீர். குமிழி வந்த இடத்தைப் பேனாவால் வட்டமிடாதீர்கள். உப்புத்தாள் தேய்த்ததும் வட்டம் அழிந்துபோகும். துளையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நீளமான கூட்டல் குறி போடுங்கள். நடு அழிந்தாலும் கைகள் மிஞ்சி இடத்தைக் காட்டும். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் டியூப் முழுவதையும் பார்த்து முடியுங்கள்.

காற்றை இறக்கி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஒட்டை விட அரை சென்டிமீட்டர் சுற்றிலும் கூடுதலாக உப்புத்தாள் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலான கறுப்பு வர வேண்டும். டியூபின் மேல் ஓடும் அச்சுவரம்பு குறுக்கே வந்தால் அதைத் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லையென்றால் அந்த வரம்பின் ஓரமாகவே காற்று கசியும். தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

இனி பொறுமை. சொல்யூஷனை மெல்லிய பூச்சாகத் தடவி ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரப்பளபளப்பு மறைந்து, விரல் முதுகில் ஒட்டாத பதம் வர வேண்டும். சொல்யூஷன் சாதாரணப் பசை போல வேலை செய்வதில்லை. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போன பிறகே ஒட்டின் அடி ரப்பரும் டியூப் ரப்பரும் ஒன்றோடொன்று பிணையும். ஈரத்திலேயே ஒட்டினால் காற்றடித்ததும் ஒட்டு வழுக்கி நகரும். வாயால் ஊதி உலர்த்தவும் கூடாது, மூச்சின் ஈரம் படியும். பதம் வந்ததும் ஒட்டின் அடித்தாளை உரித்து, துளை நடுவில் வரும்படி வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மேலுள்ள கண்ணாடித்தாள் எளிதாக வராவிட்டால் அப்படியே விடுங்கள். அதை இழுக்கப் போய் ஒட்டின் ஓரத்தையே தூக்கிவிடுவார்கள். ஓரத்தில் மிஞ்சிய சொல்யூஷன் மேல் சாக்பீஸ் தூளோ பவுடரோ தடவினால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

டியூபை உள்ளே தள்ளுமுன் டயரின் உட்புறத்தைச் சோதிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. துணியைச் சுருட்டி உள்ளே விட்டு ஒரு சுற்று இழுங்கள். முள் நுனி இருந்தால் துணி மாட்டும், உங்கள் விரல் தப்பும். லாரி டயரின் இரும்பு நூல் தலைமுடி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒட்டின பத்தாவது நிமிடத்தில் மறுபடி பஞ்சர் என்றால் அநேகமாக அந்த நூலை எடுக்காமல் மூடியிருக்கிறீர்கள். டியூபில் துளை விழுந்த இடத்தை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே தூரத்தில் தேடினால் ஆள் அகப்படும்.

திருப்பி மாட்டும்போது டியூபில் உருவம் வருமளவுக்கு மட்டும் காற்றடித்து, முறுக்கில்லாமல் உள்ளே வையுங்கள். விளிம்பை வால்வுக்கு எதிரே தொடங்கி இருபுறமும் கட்டைவிரலால் ஏற்றிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசிப் பத்து சென்டிமீட்டர் முரண்டு பிடிக்கும். லிவரை எடுக்காமல், மறுபடி எதிர்ப்பக்க விளிம்பை நடுப்பள்ளத்துக்குள் பிசைந்துவிட்டு வாருங்கள். ஏறிவிடும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள், அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பாதிக் காற்றில் நிறுத்தி இருபக்கமும் சுற்றிப் பாருங்கள். ரிம்முக்கு மேலே டயரில் ஓடும் மெல்லிய வரி எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். சரியென்றால் முழுக் காற்று.

துளை டியூபின் உட்பக்கத்தில், ரிம்மைப் பார்த்து இருந்தால் குற்றவாளி சாலை இல்லை. ரிம் டேப் விலகி, போக்ஸ் கம்பி குத்துகிறது. டேப்பைச் சரிசெய்யாமல் எத்தனை ஒட்டு போட்டாலும் நிற்காது. டயரே கிழிந்து டியூப் பிதுங்கினால், பால் கவரை நாலாக மடித்து உள்ளே வைத்து, காற்றைக் குறைத்து, வீடு போய்ச் சேரலாம். மறுநாள் டயரை மாற்றிவிட வேண்டும்.

கடையில் கொடுத்து ஒட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. பழைய டியூபில் வெட்டிய துண்டையே ஒட்டாகப் போடுவார்கள். இரண்டு பரப்பையும் அரத்தால் நன்றாகத் தேய்த்திருந்தால் அது வருடக்கணக்கில் நிற்கும். “அண்ணே, டயருக்குள்ள ஒரு தடவை பார்த்துடுங்க” என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

எங்கே ஓட்டுவது

ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே. இதை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டால் பஞ்சரில் பெரும்பகுதி குறையும். கார்கள் நிற்கும் இடத்தில், கதவு திறந்தாலும் மேலே படாத அளவுக்கு அவற்றை விட்டு விலகிப் போங்கள். பள்ளம் வந்தால் இடப்பக்கம் ஒதுங்க இடம் மிஞ்சும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பதறி ஓரத்து மணலுக்குள் இறங்கினால்தான் சறுக்கும்.

வழியை பைக்கில் போகும் வழியாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணா சாலைக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் இணையாக உள்ளே தெருக்கள் ஓடுகின்றன. ஒரு கிலோமீட்டர் கூடினாலும் நேரம் அவ்வளவாகக் கூடாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒருமுறை அந்த வழியில் ஓட்டிப் பாருங்கள். மூடியில்லாத வடிகால், மறைவான வேகத்தடை, நடுவழியில் ஒரு பஞ்சர் கடை, எல்லாம் மனதில் பதியும். கத்திபாரா போன்ற இடங்களில் பல பக்கமிருந்தும் வண்டிகள் வேகமாக வந்து கலக்கின்றன. அங்கே இறங்கி, நடந்து கடப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவில் நுழையவே கூடாது, ஆட்கள் இறங்குவார்கள். வலப்பக்கம் இடமில்லையென்றால் பின்னால் நின்று காத்திருங்கள். வேகத்தடையில் சீட்டிலிருந்து சற்றே எழுந்து, முழங்காலைத் தளர்த்துங்கள். பின்டயர் பிழைக்கும்.

துப்பட்டா, சேலை முந்தானை, பேண்ட்டின் வலது கால் மூன்றையும் கட்டிக்கொள்ளாமல் ஏறாதீர்கள்.

தடம் இருந்தால்

சைக்கிள் தடத்தைக் கண்டதும் நம்பி நுழைய வேண்டாம், முதலில் கண்ணால் அளந்து பாருங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ், சைக்கிள் தடத்துக்கென்றே ஐஆர்சி 11 என்ற நெறிமுறையை 1962-லேயே வகுத்தது. 2015-ல் திருத்தவும் செய்தது. குறைந்தது 2 மீட்டர் அகலம் என்பது அதன் அடிப்படை. நம் ஊரில் வெள்ளைக் கோடு போட்ட ஓரங்கள் பலவும் அதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. கோட்டுக்குள் கார் நிற்கும், மின்பெட்டி நிற்கும், பேவர் கல் பெயர்ந்து கிடக்கும். சைக்கிளுக்கு ஒதுக்கிய தடத்தில் சீருடைக் காவலரின் அனுமதியின்றி மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்பது 1989-ம் ஆண்டின் சாலை விதிகளிலேயே வந்துவிட்டது. ஆனால் கோட்டை மட்டும் போட்டுவிட்டுத் தடுப்பு வைக்காத இடத்தில் அந்த விதியை யாரும் நினைப்பதில்லை.

நூறு மீட்டருக்குள் இரண்டு முறைக்கு மேல் தடத்தை விட்டு வெளியே வந்து உள்ளே போக வேண்டியிருந்தால் அந்தத் தடத்தைக் கைவிடுங்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் திடீரென முளைத்தவர் ஆகிறீர்கள். தொடர்ந்து ஒரே கோட்டில், எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு போவது அதைவிடப் பத்திரம். சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்றுக்கொண்ட மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தக் காகிதத்தின் பேரில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்கவும் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில்

வடகிழக்குப் பருவமழையில் பஞ்சர் கூடும். தண்ணீர் ரப்பருக்கு எண்ணெய் போல வேலை செய்கிறது, கண்ணாடித் துண்டு எளிதில் வழுக்கி உள்ளே இறங்குகிறது. தேங்கிய தண்ணீரில் தரை தெரியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். மூடியில்லாத குழி எங்கே இருக்கிறது என்று தண்ணீர் சொல்லாது. மெட்ரோ பணியிடத்து இரும்புத் தகடு, சாலையின் வெள்ளைக் கோடு இரண்டும் ஈரத்தில் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், திரும்பாமல், நேர்க்கோட்டில் கடந்துவிடுங்கள். வடிகால் கம்பிகள் சாலையின் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் இடுக்கில் இறங்கிவிடும். நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். முன்கூட்டியே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு பிறகு இறுக்குங்கள். வீடு வந்ததும் செயினைத் துடைத்து ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

புகார் கொடுக்கும்போது

உடைந்த வடிகால் மூடி, பள்ளம், எரியாத விளக்கு எல்லாவற்றுக்கும் மாநகராட்சியின் எண் 1913. வட்டமான கழிவுநீர் மூடி என்றால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, எண் 1916. “மயிலாப்பூரில் ரோடு மோசம்” என்று சொன்னால் எங்கும் போய்ச் சேராது. தெருப் பெயர், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், எந்தக் கடைக்கு எதிரே, வார்டு எண் (மாநகராட்சியில் மொத்தம் 200 வார்டுகள்), இவற்றைச் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும்போது பள்ளத்தின் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி எடுங்கள். ஆழமும் அகலமும் பார்த்த உடனே விளங்கும். சரிசெய்யாமலே புகாரை முடித்துவிட்டார்கள் என்றால் பழைய பதிவு எண்ணைச் சொல்லி அதே இடத்துக்கு மறுபடியும் பதிவு செய்யுங்கள்.